அறுபத்திரண்டு வீட்டுக்கு ஒரு வழக்காளி

மக்டலீனைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் சாவகச்சேரிச் சந்தையில் ஒருநாளும் இறால் வாங்கியதில்லை என்றுதான் அர்த்தம். சந்தையின் தெற்கு மூலையில் சாக்கை விரித்து, இறாலைக் கூறு கூறாகக் குவித்து வைத்துக்கொண்டு இருப்பாள். விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் நழுவுகிறவரை அவள் சும்மா விட்டதில்லை. "என்ன மாஸ்டர், வீட்டை போய் மனுசியிட்டைக் கேட்டுக்கொண்டு வரப்போறியளோ?" என்று நாலு பேர் கேட்கச் சொல்லுவாள். மாஸ்டர் திரும்பி வந்து இரண்டு கூறாக வாங்கிக்கொண்டு போவார். புருசன் கடலோடு போன பிறகு ஒன்பது வருடம் அவளுக்கும் மகள் றோஸுக்கும் சோறு போட்டது அந்த வாய்தான்.

அவளுடைய ஊர் கோரைத்துறை. சாவகச்சேரிக்குத் தெற்கே, கடல்நீரேரிக் கரையில் அறுபத்திரண்டு வீடுகளும் ஓர் அந்தோனியார் கோயிலும். ஆண்கள் பிடித்துக்கொண்டு வருகிற இறாலைப் பெண்கள் கடகத்தில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு கண்டி வீதிக்கு ஓடவேண்டும். காலை ஆறரை பஸ்ஸை விட்டால் சந்தை போய்விடும். ஊருக்கும் வீதிக்கும் நடுவே விதானையார் வளவு என்று ஒரு பெரிய தென்னந்தோட்டம் கிடந்தது. அதற்குள்ளால் ஓர் ஒற்றையடிப் பாதை, பத்து நிமிட நடை. அது வேண்டாம் என்றால் தோட்டத்தைச் சுற்றித் தரவைக்குள்ளால் இரண்டு மைல். தரவை வெறும் உப்பு வெளி. கோடையில் காலைச் சுடும், மாரியில் முழங்கால் மட்டும் வெள்ளம் நிற்கும். இறால் அவ்வளவு நேரம் தாங்காது. வெயில் ஏற ஏறத் தலை கறுத்துவிடும். தலை கறுத்த இறாலை யார் வாங்குவார்கள்?

அந்தப் பாதையை யாரும் யாரிடமும் கேட்டு நடக்கவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து நடந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஆனி மாதத்தில் அந்தோனியார் பெருநாள் முடிந்து முதல் தொழிலுக்குப் போய் வருகிற காலையில், ஒவ்வொரு வள்ளத்தாரும் ஆளுக்கு ஒரு கை இறாலை எடுத்து வைப்பார்கள். இரண்டு கடகம் நிறையும். ஒன்று கோயில் சுவாமியாரின் குசினிக்குப் போகும். மற்றது தோட்டத்துக்காரர், முன்பு ஊருக்கு அரசாங்க அதிகாரியாக இருந்த விதானையார் ஏரம்பு வீட்டுக்கு. அதைச் சுமந்துகொண்டு போகிறவள் மக்டலீன். விதானையாரின் மனைவி பராசக்தி இறாலைக் கொட்டி எடுத்துவிட்டு, கடகத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று ஏழெட்டுத் தேங்காயோ ஒரு பலாப்பழமோ வைத்துக் கொடுப்பாள். மக்டலீன் முற்றத்தோடு சரி. படி ஏறச் சொல்லி யாரும் கேட்டதில்லை, அவளும் ஏறியதில்லை. இருந்தாலும் திரும்பி வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வருவாள். பெரிய வளவுக்காரருக்கே கொடுக்கிற கை எங்கள் கை என்பதில் கோரைத்துறை முழுவதற்கும் ஒரு பெருமை இருந்தது.

ஏரம்பு எழுபத்தொன்பதில் கண்ணை மூடினார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்து, அவருடைய மகன் சிவசுப்பிரமணியம் பெண்சாதி பிள்ளைகளோடு அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். கொழும்பில் பெரிய கணக்காளராக இருந்தவர். கையில் ஒரு பையோடுதான் வளவுக்குள் வந்தார். மக்டலீன் அந்தக் கிழமையே நல்ல இறாலாகப் பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். அவருடைய மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டு, வழி நெடுகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு மாதம் கழித்து அந்த மனுசர் பாதையின் இரண்டு தலைப்பிலும் கட்டை நட்டு முள்ளுக்கம்பி அடித்தார்.

கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் கிறகோரி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார். சிவசுப்பிரமணியம் கம்பிக்கு அந்தப் பக்கத்தில் நின்றே பதில் சொன்னார்.

"ஆரும் வரலாம் ஆரும் போகலாம் எண்டு இருந்த வீட்டுக்குள்ளை பூந்துதான் எங்களைக் கலைச்சவங்கள். இனி என்ரை காணிக்குள்ளை ஒரு குஞ்சும் வரப்படாது."

"தம்பி, நாங்களோ உங்களைக் கலைச்சனாங்கள்?" என்று கிறகோரி கேட்டார்.

அவர் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். பயந்துபோன மனுசனோடு நியாயம் பேசி ஒருவரும் வென்றதில்லை. அவருக்குச் செய்யப்பட்ட அநியாயத்தை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. அந்த அநியாயத்தை அவர் கொண்டுவந்து இறக்குவதற்குக் கிடைத்த இடம் கோரைத்துறையா என்று கேட்டால் வயிறு எரிந்தது.

அந்த மாரி முழுவதும் பெண்கள் தரவை வெள்ளத்துக்குள்ளால் நடந்தார்கள். பாதிப் பேருக்குக் காலில் சேற்றுப்புண். தை பிறந்ததும் ஊர் ஒன்றுகூடி, சாவகச்சேரிக் கோட்டில் வழக்குப் பேசுகிற பஞ்சலிங்கம் என்ற பிறக்கிராசியாரிடம் போனது. அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"சட்டத்திலை ஒரு வழி இருக்கு," என்றார். "கன பேருக்கு ஒரே குறை எண்டால், அதிலை ஒரு ஆள் முன்னுக்கு நிண்டு எல்லாருக்குமாய் வழக்குப் பேசலாம். கோட்டிட்டை அனுமதி எடுக்கவேணும், ஊருக்கு அறிவித்தல் குடுக்கவேணும். பிறகு அந்த ஆள் வெண்டால் எல்லாரும் வெண்ட மாதிரி. தோத்தால் எல்லாரும் தோத்த மாதிரி. ஆர் நிக்கிறியள்?"

எல்லோரும் கிறகோரியைப் பார்த்தார்கள். கிறகோரி தான் கடலுக்குப் போகிற ஆள் என்றும், வழக்குத் தவணை ஒவ்வொன்றுக்கும் வந்து நிற்க முடியாது என்றும் சொன்னார். முழங்கால் வருத்தத்தால் அவர் கடலுக்குப் போய் இரண்டு வருடமாகிறது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தலையாட்டினார்கள். ஏனென்றால் அடுத்ததாகத் தங்களைக் கேட்டால் சொல்வதற்கு ஒவ்வொருவரிடமும் ஒரு முழங்கால் இருந்தது. கடைசியில் எல்லாக் கண்ணும் மக்டலீனிடம் வந்து நின்றது.

"மக்டலீன் சந்தையிலைதானே இருக்கிறாள்," என்றார் கிறகோரி. "கோடும் பக்கத்திலை. அவளுக்கு வாயும் இருக்கு. விதானையார் வீட்டிலையும் அவளைத்தான் தெரியும்."

"நீர்தான் சரி," என்றார் பிறக்கிராசியார்.

அவள் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல விருப்பமில்லை, அதுதான் உண்மை. அறுபத்திரண்டு வீட்டுக்கு ஓர் ஆள் என்று தன்னை வைத்ததில் அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. அறிவித்தல் பத்திரிகையில் வந்தது, கோயில் கதவில் ஒட்டினார்கள், ஞாயிறு பூசை முடிய சுவாமியாரும் வாசித்தார்: "மக்டலீன் சூசைப்பிள்ளை, தன் சார்பிலும், கோரைத்துறையில் வாழும் ஏனைய குடும்பத்தினர் அனைவரின் சார்பிலும்." சனம் கலைந்த பிறகு அவள் கதவடிக்குப் போய் எழுத்துக் கூட்டி மூன்று தரம் வாசித்தாள். கலியாண ஓலை வாசித்த நாளுக்குப் பிறகு அவளுடைய பெயர் அந்தக் கோயிலில் கேட்டது அன்றைக்குத்தான்.

முதல் தவணைக்கு ஊரே ஒரு லொறியில் ஏறி வந்தது. கோட்டு வளவில் பாய் விரித்துக் கட்டுச்சோறு சாப்பிட்டார்கள். வழக்கு மூன்று நிமிடம் நடந்தது, தள்ளிவைத்தார்கள். இரண்டாம் தவணைக்கு லொறி பாதி நிறைந்தது. மூன்றாம் தவணைக்கு லொறி வரவில்லை. பிறகு ஒரு தவணைக்கு எதிர்ப்பக்கத்து அப்புக்காத்து வரவில்லை, இன்னொன்றுக்கு ஊரடங்குச் சட்டம், மற்றொன்றுக்கு நீதிபதிக்கு இடமாற்றம். இரண்டு வருடத்தில் பதினேழு தவணை. ஒவ்வொரு தவணைக்கும் மக்டலீன் பக்கத்துச் சாக்குக்காரியிடம் இறாலை ஒப்படைத்துவிட்டு, கையைத் தேசிக்காய்ப் புளியால் தேய்த்துக் கழுவி, வெள்ளைச் சீலை மாற்றிக்கொண்டு போய் நின்றாள். பெயரைக் கூப்பிடுவார்கள். "நிக்கிறன் ஐயா" என்பாள். திகதி சொல்லுவார்கள். திரும்பி வந்தால் விற்காமல் கிடந்த இறாலில் பாதியைக் கொட்டவேண்டியிருக்கும். ஊருக்குள் வந்தால் ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் கேட்பார்கள், "என்ன மக்டலீன், இன்னும் முடியேல்லையோ?" என்று. அவள்தான் இழுத்துக்கொண்டிருக்கிறாள் என்பதுபோல.

இரண்டாம் வருடம் ஒருநாள் பராசக்தி அம்மாவே சந்தைக்கு வந்து அவளுடைய சாக்குக்கு முன்னால் நின்றாள். மருந்தெடுக்க ஆஸ்பத்திரிக்கு வந்தவளாம்.

"மக்டலீன், பின்பக்கம் கிணத்தடிக்குக் கிட்ட ஒரு சின்னப் படலை விட்டிருக்கிறன். மகனிட்டையும் கதைச்சுப்போட்டன். நீ அதாலை வந்து போ. உனக்கு மட்டும்தான். உன்னையும் தரவைக்குள்ளாலை நடக்க விட்டுப்போட்டு எனக்குச் சோறு இறங்குதில்லை."

மக்டலீனுக்கு அப்போது வலது காலில் புண் புரையோடிக் கிடந்தது. ஓம் என்ற சொல் தொண்டை வரை வந்தது.

"இல்லை அம்மா," என்றாள். "முந்தி எண்டால் வந்திருப்பன். இப்ப நான் எனக்கு மட்டும் கேக்கேல்லை. அறுபத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கேட்டுப்போட்டு, நான் மட்டும் உள்ளுக்கை வந்தால் அது வடிவில்லை."

பராசக்தி இறாலும் வாங்காமல் ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள். அன்றைக்குப் பின்னேரம் மக்டலீன் இதைக் கிறகோரியிடம் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நீ ஓம் எண்டு சொல்லியிருக்கலாம்," என்றார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் விட்டுவிட்டாள்.

எண்பத்தாறு மாசியில் சாட்சி விசாரணைக்கு நாள் வைத்தார்கள். முதல் நாள் பிறக்கிராசியார் அவளையும் கிறகோரியையும் கூப்பிட்டு இருத்தி விளங்கப்படுத்தினார்.

"கவனமாய்க் கேளும். பத்து வருசத்துக்கு மேலை ஆரிட்டையும் கேளாமல் நடந்த பாதை எண்டால், அது உங்கடை உரிமை. கேட்டு நடந்த பாதை எண்டால், அது அவையின்ரை இரக்கம். எந்த நேரமும் மறிக்கலாம். வருசா வருசம் இறால் குடுத்தது வெளியிலை வந்தால், கேட்டு நடந்த மாதிரித்தான் எடுப்பினம். அதாலை இறாலைப் பற்றிக் கேட்டால், வித்தனான் எண்டு சொல்லும். அவ்வளவுதான்."

"நாங்கள் விக்கேல்லையே ஐயா," என்றாள் மக்டலீன்.

"ஊருக்காக ஒரு சொல்லு, மக்டலீன்," என்றார் கிறகோரி. "பிறகு பாவசங்கீர்த்தனத்திலை சொன்னால் போச்சு."

சரி என்று தலையாட்டினாள். அன்றைக்கு இரவு செபமாலை சொல்லும்போது கூட, வித்தனான், வித்தனான் என்று நடுவில் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த நாள் லொறி மறுபடியும் நிறைந்து வந்தது. மக்டலீன் வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுக் கூண்டில் ஏறினாள். எதிரே மர வாங்கில் பராசக்தி அம்மா முக்காட்டோடு இருந்தாள், பக்கத்தில் மகன். பிறக்கிராசியார் கேட்டதற்கெல்லாம் மக்டலீன் மணி மணியாகப் பதில் சொன்னாள். எத்தனை வயதிலிருந்து நடக்கிறாள், எந்த மரத்தடியால் பாதை திரும்பும், எவரெவர் நடந்தார்கள் என்பதெல்லாம் பிசகாமல் வந்தது. பின் வாங்குகளில் இருந்த ஊர்ச்சனம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

பிறகு எதிர்ப்பக்கத்து அப்புக்காத்து எழும்பினார். மெலிந்த மனுசர், சத்தம் போடாமல் பேசுகிறவர். அவர் இறாலைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"விதானையார் வீட்டிலை தேங்காய் வாங்கிறனீங்களோ?"

"ஓம்."

"பலாப்பழம்?"

"ஓம். காலத்துக்குக் காலம்."

"காசு குடுத்தோ?"

"இல்லை."

"அப்ப சும்மா வாங்கிறது." அவர் நீதிபதியின் பக்கம் திரும்பிக்கொண்டார். "கோரைத்துறைச் சனம் காலங்காலமாய் விதானையார் வீட்டுத் தருமத்திலை திண்டு வளந்த சனம். முற்றத்திலை வந்து கையேந்தி நிண்டு வாங்கித் திண்டுபோட்டு, இப்ப அந்த வீட்டுக்கு எதிராய் வழக்கு. அப்பிடித்தானே அம்மா?"

மக்டலீனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பின் வாங்குகளில் அவளுடைய ஊர் முழுவதும் இருக்கிறது. கையேந்தின சனமாம்.

"ஆர் ஐயா கையேந்தினது?" என்று கத்தினாள். "நாங்கள் ஆரிட்டையும் சும்மா வாங்கித் தின்னிற சனமில்லை. வருசா வருசம் பெருநாள் இறாலிலை ஒரு கடகம் நாங்கள்தான் அந்த வீட்டுக்குக் குடுத்தனாங்கள். ஒரு சதம் வாங்கேல்லை. என்ரை தலையிலை சுமந்துகொண்டு போய் நான் குடுத்தனான், இருபத்திரண்டு வருசமாய்! அந்தா அம்மா இருக்கிறா, கேட்டுப் பாருங்கோ!"

பராசக்தி அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பஞ்சலிங்கம் பிறக்கிராசியார் பேனையை மேசையில் வைத்தார். அந்தச் சத்தத்தில்தான் மக்டலீனுக்குத் தான் செய்த வேலை விளங்கியது.

"நல்லது," என்றார் அப்புக்காத்து, முன்னையிலும் மெதுவாக. "விக்கேல்லை, குடுத்தனீங்கள். ஏன் குடுத்தனீங்கள்?"

"மரியாதைக்கு."

"என்ன மரியாதைக்கு?"

அவள் பிறக்கிராசியாரைப் பார்த்தாள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "சொல்லுங்கோ அம்மா."

"அவையின்ரை காணிக்குள்ளாலை நாங்கள் நடக்கிறதுக்கு," என்றாள்.

வெளியே வந்தபோது லொறியடியில் ஒருவரும் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பராசக்தி அம்மா மட்டும் காரில் ஏறப்போனவள் நின்று, "நீ உள்ளதைச் சொன்னாய், மக்டலீன்," என்றாள். அது புகழ்ச்சிதான். அன்று முழுவதும் அவளுக்குக் கேட்ட வார்த்தைகளில் அதுவே மிகக் கசப்பாக இருந்தது.

பங்குனியில் தீர்ப்பு வந்தது. பாதை அனுமதியின் பேரில் நடந்த பாதை, உரிமை இல்லை. வழக்காளியும், அவள் யார் யாருக்காக வழக்குப் பேசினாளோ அவர்களும், காணிக்காரரின் சம்மதம் இல்லாமல் உள்ளே கால் வைக்கக்கூடாது. பிறக்கிராசியார் வாசித்துக் காட்டிவிட்டு, எல்லாருக்கும்தான் என்று இரண்டு தரம் சொன்னார். மக்டலீன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். தோற்றாலும் எல்லாரும் சேர்ந்துதானே தோற்றோம் என்று நினைத்தாள்.

ஊர் அப்படி நினைக்கவில்லை. தீர்ப்பில் சம்மதம் இல்லாமல் என்றுதானே சொல்லியிருக்கிறது, சம்மதம் கேட்டால் என்ன என்று கிறகோரிக்குத் தோன்றியது. அந்த ஆனியில் பெருநாள் முடிந்ததும் ஒரு கடகம் இறாலைத் தூக்கிக்கொண்டு அவரே போனார். சிவசுப்பிரமணியம் வழக்கில் வென்ற மனுசர். பெருந்தன்மையாக இருப்பதற்கு அவருக்கு அப்போது வசதி இருந்தது. கம்பியை வெட்டி, ஒரு படலை போடச் சம்மதித்தார். வருடத்துக்கு ஒரு கடகம் இறால். ஒரேயொரு நிபந்தனை.

கிறகோரி அதை மக்டலீனிடம் வந்து சொன்னபோது கண்ணைப் பார்க்கவில்லை.

"வழக்குப் போட்டவள் மட்டும் வரப்படாது எண்டு சொல்லுறார். கொஞ்ச நாளைக்குத்தான், மக்டலீன். அவருக்கும் ஒரு மானம் இருக்குத்தானே."

"நானோ வழக்குப் போட்டனான்? நீங்கள் எல்லாரும் சேர்ந்தெல்லோ என்னை நிக்கச் சொன்னனீங்கள்."

"ஓம், ஓம். ஆனால் பேர் உன்ரைதானே."

"நீங்கள் என்னண்ணை சொன்னனீங்கள் அவருக்கு?"

கிறகோரி ஒன்றும் சொல்லவில்லை. அவர் அங்கேயும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. எல்லாரும் வருவோம், இல்லையென்றால் ஒருவரும் வரமாட்டோம் என்று ஒரு வாய் சொல்லியிருந்தால் போதும். அறுபத்தொரு வீட்டில் ஒரு வாய் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை படலையடியில் பெண்கள் வரிசையாகப் போனார்கள். மக்டலீன் தன் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசையில் ஐந்தாவதாகப் போனவள், கலியாணம் முடித்துத் தனி வீடு போன றோஸ். அவளுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம்.

"நீயுமோடி?" என்றாள் மக்டலீன்.

"இந்த வயித்தோடை தரவைக்குள்ளாலை எப்பிடி அம்மா நடக்கிறது? உங்கடை பேர்தானே அந்தக் கடுதாசியிலை. என்ரை பேர் இல்லையே."

ஏழு மாதக்காரியிடம் என்ன சொல்ல முடியும்? அவள் சொன்னது நியாயம்தான். நியாயம் என்பதால் மக்டலீனுக்கு வலி குறையவில்லை. கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவள் மற்றப் பக்கமாகத் திரும்பித் தரவைக்குள் இறங்கினாள்.

அதற்குப் பிறகு நாட்டில் என்னென்னவோ நடந்தது. இந்திய ஆமி வந்தது, போனது. சாவகச்சேரியில் நீதிமன்றமும் இல்லாமல் போனது. பஞ்சலிங்கம் பிறக்கிராசியார் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தார். எண்பத்தொன்பதில் பராசக்தி அம்மா செத்தாள். அடுத்த வருடம் சிவசுப்பிரமணியம் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார், போகும்போது படலைப் பூட்டின் திறப்பைக் கிறகோரியிடம் கொடுத்துவிட்டுப் போனார். மறிப்பதற்கு இப்போது ஆள் இல்லை. இது மக்டலீனுக்கும் தெரியும். யாராவது ஒருவர் வந்து, வா மக்டலீன், எங்களோடை நட என்று சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கிறகோரி வரவில்லை, மறந்திருப்பார். றோஸ் வரவில்லை. அம்மாவுக்குப் பிடிவாதம் என்று நினைத்திருப்பாள். மக்டலீன் ஒவ்வொரு நாளும் அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே தரவையில் இறங்கி நடந்தாள். தன்னைப் பார்க்கிற ஒவ்வொரு நேரமும் ஊருக்கு நெஞ்சு குத்தும், ஒருநாள் தாங்காமல் வந்து கூப்பிடும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில் ஒன்பது மாரி நடந்தாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில், ஆமி வருகிறது என்று வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து, சாவகச்சேரியைச் சுற்றிய தென்மராட்சிக்குள் வந்து விழுந்தது. சைக்கிளிலும் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினிலும் நடையிலுமாக மழைக்குள் வந்த சனம், இடம் கண்ட இடத்தில் தார்ப்பாய்ப் படங்கு கட்டியது. விதானையார் வளவுக்குள் மட்டும் இருநூறு குடும்பம். வேலிக் கட்டைகள் இரண்டு நாளில் அடுப்புக்குள் போயின. முள்ளுக்கம்பியில் பிள்ளைகளின் சட்டை காய்ந்தது. கோரைத்துறைச் சனம் தேத்தண்ணியும் அவித்த மரவள்ளியும் கொண்டுபோய்க் கொடுத்தது. அந்தப் பாதையால் யார் நடக்கிறார், யார் நடக்கவில்லை என்று பார்க்க ஒருவருக்கும் நேரம் இல்லை.

தோட்டத்தின் தெற்குக் கரையில், தரவை தொடங்குகிற இடத்தில், சண்டிலிப்பாயிலிருந்து வந்த குணலட்சுமி என்ற பெண் இரண்டு பிள்ளைகளோடு ஒரு படங்குக்குக் கீழே இருந்தாள். புகையிலைத் தோட்டத்தையும் கல்வீட்டையும் விட்டுவிட்டு வந்தவள். ஒரு கிழமையாக ஒவ்வொரு காலையும், நரைத்த தலையில் கடகத்தோடு ஒரு கிழவி முழங்கால் வெள்ளத்துக்குள்ளால் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எழும்பிக் கரைக்கு வந்தாள்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்கோ."

மக்டலீன் தண்ணீருக்குள் நின்றாள். ஒன்பது வருடத்தில் முதல் தரமாக ஓர் ஆள் அவளை அந்த இடத்தில் மறித்திருக்கிறது. என்ன கேட்கப்போகிறாள் என்று அவளுக்குத் தெரியும்; ஏன் பாதையால் போகவில்லை என்றுதான் கேட்பாள். மறுமொழி அவளிடம் ஆயத்தமாக இருந்தது. ஊர்க்காரர் கேட்பார்கள் என்று சேர்த்து வைத்த மறுமொழி.

"உங்களைப் பற்றிச் சொன்னவை," என்றாள் குணலட்சுமி. "அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சுத்தான் உந்த வெள்ளத்துக்குள்ளாலை நடக்கிறியளாம். ஒரு நாளும் பாதையிலை கால் வைக்கமாட்டியளாம். இப்பிடி ஒரு பக்தியை நான் காணேல்லை."

"நேர்த்தியோ?" என்றாள் மக்டலீன். "ஆர் சொன்னது?"

"ஊர்ச்சனம் எல்லாம் சொல்லுது. தேத்தண்ணி கொண்டுவந்த றோஸ் எண்ட பிள்ளையும் சொன்னது. உங்கடை மேளாமே."

மக்டலீனுக்குக் கடகம் திடீரென்று பாரமாக இருந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை என்று அவள் கோபித்துக்கொண்டு நடந்ததை, ஊர் ஒரு நேர்த்திக்கடனாக ஆக்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறது. நெஞ்சு குத்துவதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. வழக்கையும் மறந்திருக்கிறார்கள், தங்களுக்காகத்தான் அவள் கூண்டில் ஏறினாள் என்பதையும் மறந்திருக்கிறார்கள். பெற்ற மகளும்தான். நடந்ததைச் சொல்லுவோம் என்று வாயைத் திறந்தாள். சாவகச்சேரிச் சந்தையே அஞ்சிய வாய். அன்றைக்கு அதில் ஒரு சொல்லும் வரவில்லை.

குணலட்சுமி கும்பிட்ட கையோடு இன்னும் கிட்ட வந்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

"நான் சைவக்காறி. எண்டாலும் கேக்கிறன் அம்மா. எங்கடை வீடு வாசல் தப்பவேணும், நாங்கள் திரும்பிப் போகவேணும். உந்தத் தோட்டத்துக்குள்ளை இருக்கிற அத்தினை குடும்பத்துக்காகவும் நீங்கள் ஒருக்கால் கேளுங்கோ. உங்களை மாதிரி ஒரு ஆள் எல்லாருக்குமாய்க் கேட்டால் அவர் குடுப்பார்."

மக்டலீன் அவளையும், அவளுக்குப் பின்னால் தென்னைகளுக்குக் கீழே மழையில் ஒடுங்கிக் கிடந்த படங்குகளையும் பார்த்தாள். பாவம்தான். அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"ஏலாது பிள்ளை," என்றாள். "நான் இனி ஒருத்தருக்காகவும் ஒண்டும் கேக்கமாட்டன்."

சொல்லிவிட்டுத் திரும்பி வெள்ளத்துக்குள்ளால் நடந்தாள். குணலட்சுமி கும்பிட்ட கையை இறக்கிவிட்டு, படங்குக்குள் போய், பக்கத்துப் படங்குக்காரியிடம் சொன்னாள்: "என்ன கல்நெஞ்சுக்காறி பாருங்கோ. ஊர்ச்சனம் உவவைப் போய்ப் பெரிசாய்க் கதைக்குது."